கேமரா கட்டிவைத்த கல்யாணம்

மாலை மயங்கும் வேளையில், மல்லிகை மணக்கும் மதுரைச் சீமையில், மரிக்கொழுந்து நகர் ஐந்து தெருக் குடியிருப்போர் சங்கங்களின் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கி, நான் மைக்கைப் பிடித்த நொடியிலிருந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பெருந்தகை, இரும்புக்கடை வைத்திருந்தாலும் இளகிய நெஞ்சம் வைத்திருக்கும் அண்ணன் நைனா முகமது அவர்களே, மேடையின் வலப்பக்கம் வரிசையாக வீற்றிருக்கும் ஐந்து தெருக்களின் ஐந்து தலைவர்களே, அந்த ஐவரையும் ஒருங்கிணைத்து, வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே வீதியெல்லாம் விழி வைத்திருக்கும் முதல் தெருத் தலைவர், தம்பி அருள்பாண்டி அவர்களே, இவன் எப்போது முடிப்பான், பந்தி எப்போது தொடங்கும் என்று கண்ணாலேயே கேட்கும் பெரியோர்களே, என்னை ஒருபக்கம் பேசவிட்டுத் தங்களுக்குள் தனிக்கூட்டம் நடத்தும் தாய்மார்களே, பிளாஸ்டிக் நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்து அதன் பொறுமையைச் சோதிக்கும் இளைஞர்களே, திருவாதவூரிலிருந்து வந்து, மூன்றாம் வரிசையில், மடியில் பெட்டியோடு அமர்ந்திருக்கும் அண்ணன் அழகுபாண்டி அவர்களே, அவருக்குப் பக்கத்தில், இன்றைக்கு அழுவதில்லை என்ற முடிவோடு வந்திருக்கும் அவர் மகள், எங்கள் ஐந்தாம் தெரு சத்யப்ரியா அவர்களே, எல்லோரையும் சொல்லிவிட்டு உங்களை விட்டால் கோபித்துக்கொள்வீர்கள் என்பதால், எதிர் மின்கம்பத்திலிருந்து இமைக்காமல் என்னைப் பார்க்கும் கேமரா அவர்களே, உங்கள் அனைவரின் பொற்பாதங்களுக்கும் வாடிப்பட்டி அழகுராஜாவின் வணக்கம். கேமராவுக்குப் பாதம் இல்லை. அதற்கு வெறும் வணக்கம்.

அன்புக்குரியவர்களே, நான் காதுகுத்துக்குப் பேசுபவன். கிரகப்பிரவேசத்துக்குப் பேசுபவன். மொட்டையடிக்கும் விழாவில் குழந்தை அழும் குரலையும் மீறிக் குரலெழுப்பிக் குலம் தழைக்க வாழ்த்தியவன். நாலாம் தெருவில் பெண்ணெடுத்து, அதே தெருவில் வீட்டோடு மாப்பிள்ளையாகி, இன்றைக்கு அந்தத் தெருவின் பால்காரர்வரை எல்லோருக்கும் மாப்ளயாக விளங்குபவன். அப்படிப்பட்ட என்னைத் தம்பி அருள்பாண்டி அழைத்து ஒரு தலைப்புக் கொடுத்தார். ‘பார்க்கும் கண்ணே காக்கும் கண்.’ தலைப்பைப் பாராட்டிப் பேசிவிட்டு, தீர்மானத்தைப் பற்றி மூச்சு விடாமல் இறங்கிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தம்பி, நீ சொன்னதில் பாதியைச் செய்கிறேன். பேசுகிறேன்.

என்ன தீர்மானம்? சத்யப்ரியா கொண்டுவந்த தீர்மானம். சின்னத் தீர்மானம். கேமரா வைத்துப் பார்க்கும் நம் ஐந்து தெருக் கூட்டணி ஒரு ஆளைப் பற்றி எதையாவது பார்த்தால், பார்த்தது யார், யாருக்குச் சொன்னார்கள், எப்போது அழிப்பார்கள் என்பதை அந்த ஆளுக்கு முதலில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இது இன்றைக்கு நிறைவேறாவிட்டால் என்ன நடக்கும்? அண்ணன் அழகுபாண்டி தன் மகளைக் கையோடு திருவாதவூருக்குக் கூட்டிப் போய்விடுவார். கே.கே. நகரில் அந்தப் பிள்ளை பார்க்கும் லேப் வேலை போகும். தனியாக இருக்கும் பெண் என்பதற்காகப் பல வீடுகளில் கதவடைத்த பிறகு கடைசியாகக் கிடைத்த மாடிவீடு போகும். அவர் மடியில் இருக்கும் பெட்டியில் இருப்பது அவர் துணி என்றா நினைத்தீர்கள்? அது அந்தப் பிள்ளையின் துணி.

என்ன தாயே? சத்தமாகச் சொல்லுங்கள். பந்தியில் என்னவா? தக்காளி சாதமும் கேசரியும் என்று சொன்னார்கள். ஆறினாலும் நன்றாக இருக்கும். உட்காருங்கள்.

இந்தக் கேமரா எப்படி வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் மூன்றாம் தெருவில் ஒரு சைக்கிள் காணாமல் போனது. களவு போனது என்று கலங்கினோம். கூடினோம். கொதித்தோம். வசூல் போட்டு ஐந்து தெருவுக்கும் கேமரா வாங்கினோம். கேமரா மாட்டிய அன்றைக்கே சைக்கிள் கிடைத்துவிட்டது. அதன் சொந்தக்காரர் டீக்கடையில் நிறுத்திவிட்டு, பேச்சு சுவாரசியத்தில் நடந்தே வீட்டுக்கு வந்திருக்கிறார். சைக்கிள் திரும்பி வந்தது. கேமரா திரும்பிப் போகவில்லை.

அன்றைக்கு எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டவர், நம் விழாத் தலைவர் நைனா முகமது அண்ணனின் துணைவியார் சுல்தான் பீவி அக்கா. வாசலுக்கு வருகிற, வண்டியெடுக்கிற, துணி காயப்போடுகிற பொம்பளைப் பிள்ளைகளையெல்லாம் யார் உட்கார்ந்து பார்க்கப்போவது என்று கேட்டார். ஐந்து தலைவர்களும் தனியாகப் போய்க் கூடிப் பேசினார்கள். பிறகு ஒவ்வொரு சங்கமும் ஒரு சத்தியம் செய்தது. ‘எங்கள் தெருக்காரரை எங்கள் சங்கம் ஒருநாளும் வேவு பார்க்காது.’ கைதட்டினோம். அக்காவும் கைதட்டினார். வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுத்தோம்.

சத்தியத்தை மீறினார்களா? மீறவில்லை. மயிரிழைகூட மீறவில்லை. தம்பி அருள்பாண்டி மூளைக்காரர். கேமரா பாஸ்வேர்டை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டார்கள். முதல் தெருவை இரண்டாம் தெரு பார்த்தது. இரண்டாம் தெருவை மூன்றாம் தெரு பார்த்தது. மூன்றை நாலு பார்த்தது, நாலை ஐந்து பார்த்தது, ஐந்தை முதல் தெரு பார்த்தது. பார்த்ததை எல்லாம் ‘நட்புத் தெருத் தகவல்’ என்று பெயரிட்டு ஒரு வாட்ஸப் குரூப்பில் கொட்டினார்கள். என் தெருவை நான் பார்க்கவில்லை, நீ பார்த்துச் சொன்னாய், நான் காதில் வாங்கினேன், அவ்வளவுதானே? சத்தியம் பத்திரமாக இருந்தது. நாம்தான் பத்திரமாக இல்லை.

இதைத் தம்பி தானே கண்டுபிடித்தார் என்று நினைத்து அவரை வையாதீர்கள். ஆங்கிலம் பேசும் ஐந்து நாடுகள், நம்மில் பலர் பிறப்பதற்கு முன்பிருந்தே உளவுக் கூட்டணி வைத்து, ஒட்டுக்கேட்டதைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. சொந்தக் குடிமக்களை வேவு பார்க்கச் சட்டம் இடம் கொடுக்காவிட்டால், நட்பு நாடு பார்த்துச் சொன்னதை வாங்கிக்கொள்ளலாமா என்று அங்கேயும் கேட்டிருக்கிறார்கள். என்ன ஒப்பந்தம், எங்களுக்கும் காட்டுங்கள் என்று கோர்ட்டுப் படியேறியிருக்கிறார்கள். அந்த நாடுகளுக்குச் செயற்கைக்கோள் இருக்கிறது. நமக்கு மின்கம்பம் இருக்கிறது. மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை.

சரி, இம்புட்டுப் பாடுபட்டுக் கூட்டணி கண்டுபிடித்தது என்ன? கள்ளனைப் பிடித்ததா? கடத்தலைப் பிடித்ததா? என்னைப் பிடித்தது. ‘நாலாம் தெரு அழகுராஜா, தண்ணித்தொட்டி அருகே தனியாக நின்று கையை ஆட்டிப் பேசுகிறார், சிரிக்கிறார், தானே கும்பிட்டுக்கொள்கிறார், குடும்பத்தார் கவனிக்கவும்.’ நான் ஒரு வளைகாப்புக்குப் பேச்சு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன் அய்யா. என் மனைவிக்கு அவள் சிநேகிதி இதைக் காட்ட, அன்று முழுக்க என் வீட்டில் யாரும் என்னை அதட்டிப் பேசவில்லை. சாப்பாட்டில் காரம்கூடக் குறைந்திருந்தது.

அது போகட்டும். கதைக்கு வருகிறேன்.

மூன்றாம் தெருவில் தம்பி அசோக்குமார் இருக்கிறார். தங்கமான பையன். பையன் என்று சொல்வது மரியாதைக்காக. முன்மண்டையில் முடி விடைபெற்றுப் பல வருஷமாகிறது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவர் தாயார் ஜெயக்கொடி அக்கா போகாத ஜோசியர் இல்லை, சுற்றாத கோயில் இல்லை. இந்த அசோக்குமார் தினமும் சாயங்காலம் முதல் தெருமுனையில் மல்லிகைப்பூ வாங்கியதை ஒரு தெரு பார்த்தது. தலைக்கு மை அடித்திருந்ததை இன்னொரு தெரு பார்த்தது. பூப்பொட்டலத்தை முகர்ந்து தானாகச் சிரித்ததை வேறொரு தெரு பார்த்தது. ஐந்தாம் தெருக் கடைசியில், அண்ணன் பேயாண்டி வீட்டு கேட்டுக்குள் பூவோடு போனதையும், பூவில்லாமல் வெளியே வந்ததையும் கண்ணாரக் கண்டது கூட்டணி. அந்த வீட்டு மாடியில் யார் குடியிருக்கிறார்? சத்யப்ரியா.

மதுரைக்காரனுக்கு இது போதாதா? ஆள் மல்லிகைப்பூவோடு போகிறது, கையில்லாமல்... மன்னிக்கணும், பூவில்லாமல் வருகிறது. வேறு ஊராக இருந்தால் விசாரித்திருப்பான். நாம் மதுரை. நமக்குச் சந்தோஷம் வந்தால் முதலில் என்ன செய்வோம்? சொல்லுங்கள். கேட்கவில்லை. ஆ, சரியாகச் சொன்னீர்கள் தம்பி. பிளக்ஸ் அடிப்போம்.

அடித்தார்கள். பதினெட்டு அடிக்கு அடித்தார்கள். ஐந்தாம் தெரு முக்கில் கம்பு ஊன்றிக் கட்டினார்கள். ‘இல்லறம் என்னும் நல்லறம் காணவிருக்கும் எங்கள் இதயங்கள் அசோக்குமார், சத்யப்ரியா இணையருக்கு ஐந்து தெருவின் அட்வான்ஸ் வாழ்த்துகள்.’ மேலே ஐந்து தலைவர்களின் படம், ஐந்து பேரும் காதில் செல்போன் வைத்துக்கொண்டு யாருடனோ முக்கியமாகப் பேசுகிறார்கள். ஒருவேளை ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருக்கலாம். கீழே ஓரத்தில் என் படம், ஸ்டாம்பு அளவில். அது என் தனிப்பட்ட வருத்தம், இங்கே வேண்டாம்.

நடுவில் அந்தப் பிள்ளையின் படம். எங்கிருந்து எடுத்த படம்? கேட்டுப் பெற்ற படமா? கேமராவில் பிடித்த படம். விடியற்காலையில், நைட்டியோடு, தூக்கம் கலையாத கண்ணோடு, கேட்டில் நின்று பால் பாக்கெட் வாங்குகிற படம். பால் பாக்கெட்டை மட்டும் பிளக்ஸ் கடைக்காரர் அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு ரோஜாப்பூ வைத்திருந்தார். சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள், நானும் முதலில் பார்த்துச் சிரித்தவன்தான். ஆனால் சிரித்து முடித்துவிட்டு, அந்தப் படம் உங்கள் வீட்டுப் பிள்ளையுடையது என்று நினைத்துப் பாருங்கள்.

பிளக்ஸைப் பார்த்து ஜெயக்கொடி அக்கா அடைந்த ஆனந்தத்தை எந்தச் சொல்லில் சொல்ல? தெய்வம் கண்ணைத் திறந்துவிட்டது என்று கும்பிட்டார். திறந்தது தெய்வத்தின் கண் இல்லை, தம்பி அருள்பாண்டியின் கண் என்று அவருக்குத் தெரியாது. மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், குங்குமம், ஒரு பட்டுச்சேலை எல்லாம் அடுக்கி, சொந்தக்காரப் பெண்கள் புடைசூழ, பேயாண்டி அண்ணன் வீட்டுக்குப் பூ வைக்கப் புறப்பட்டார். முன்கதவில் ஆள் இல்லை. பின்பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. கொல்லைப்பக்கம் போனார்.

அங்கே நின்றான் மாப்பிள்ளை. மல்லிகைப்பூவை உள்ளங்கையில் வைத்து, ‘என் தங்கம், என் ராசா, ஒரு வாய் வாங்கிக்க’ என்று கொஞ்சிக்கொண்டிருந்தான். எதிரே, திமில் தளதளக்க, கண் செருக, அந்தப் பூவை மென்றுகொண்டு நின்றது ஒரு ஜல்லிக்கட்டுக் காளை.

காளையின் பெயர் தாசில்தார். பேயாண்டி அண்ணனும் அசோக்குமாரும் கூட்டாக வாங்கிய காளை. பருத்திக்கொட்டை வைக்கலாம், பேரீச்சம்பழம் வைக்கலாம், தாசில்தார் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முதலில் ஒரு பிடி மல்லிகை போனால்தான் அவருக்கு மற்றதெல்லாம் இறங்கும். இந்த விஷயத்தை வீட்டில் ஏன் மறைத்தான் அசோக்குமார்? அவன் அப்பா ஒரு காலத்தில் மாடு பிடிக்கப் போய் இடுப்பை உடைத்துக்கொண்டு வந்தவர். அன்றைக்கே ஜெயக்கொடி அக்கா, இனி இந்தக் குடும்பத்தில் காளை மாடு என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். தாம்பாளத்தோடு நின்ற அக்காவும் தாசில்தாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தாசில்தார் எட்டி, தாம்பாளத்திலிருந்த வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டார். அக்கா மகனைத் திட்டவில்லை. ‘இம்புட்டு எலும்பா இருக்கு, வெறும் பூவைப் போட்டா வளக்குறது?’ என்றுதான் கேட்டார்.

இப்போது ஒன்று சொல்லுங்கள். அந்தக் கொல்லையில் காளை இருப்பது ஐந்தாம் தெருவில் யாருக்குத் தெரியாது? அது கத்தினால் நாலாம் தெருவுக்குக் கேட்கும். சாணி வாடை மூன்றாம் தெருவரை வரும். பக்கத்து வீட்டில் ஒரு வாய் வார்த்தை கேட்டிருந்தால், ‘அட, அவன் மாட்டுக்குப் பூ கொண்டுவாரான்’ என்று சொல்லியிருப்பார்கள். கேட்டார்களா? கேமரா இருக்கும்போது மனிதரிடம் எதற்குக் கேட்பது? ஐந்து தெரு, எத்தனையோ கேமரா, கேட்பதற்கு ஒரு வாய் இல்லை.

அசோக்குமார் தப்பித்துவிட்டான். அவன் அம்மாவே இப்போது தாசில்தாருக்கு உளுந்து ஆட்டிக் கொடுக்கிறார். பிளக்ஸையும் கழற்றினார்கள். அத்துடன் கதை முடிந்தது என்று நினைத்தோம், இல்லையா? அந்தப் பிள்ளைக்கு அங்கேதான் கதை தொடங்கியது. கல்யாணம் இல்லை என்றதும் ஊர் என்ன பேசியது? ‘கல்யாணம் இல்லேன்னா அப்ப எதுக்கு அந்தப் படம்? ஒன்னுமில்லாமயா போட்டிருப்பாங்க?’ என்று பேசியது. பேயாண்டி அண்ணனிடம் மாடியைக் காலி செய்யச் சொல்லி நாலு பேர் போனார்கள். பிளக்ஸின் படம் செல்போன் மாறி, செல்போன் மாறி, திருவாதவூரில் அண்ணன் அழகுபாண்டியின் கைக்குப் போனது. மோட்டார் கொட்டகையில் இருந்தவர் அப்படியே கிளம்பி வந்தார். பெட்டியைக் கட்டச் சொன்னார்.

அந்தப் பிள்ளை ஒரே ஒரு கேள்விக்குப் பதில் கேட்டது. யார் சொன்னது? துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு ஐந்து தலைவர்களின் வீட்டுக்கும் போனது. முதல் தெரு, அருள்பாண்டித் தம்பி, ஐந்தாம் தெருவைப் பார்ப்பதே அவர்தான் என்றாலும், காபி கொடுத்து உட்காரவைத்து, இது மூன்றாம் தெருவிலிருந்து வந்த தகவல், அவர்கள் அனுமதி இல்லாமல் நான் பேச முடியாது என்றார். மூன்றாம் தெரு, இது இரண்டாம் தெருவின் நம்பிக்கைக்குரிய தகவல், நட்பு கெட்டுவிடும் என்றார். இரண்டாம் தெருத் தலைவர் வாசலிலேயே நிறுத்தி, ‘அப்படி ஒரு தகவல் வந்துச்சுன்னும் சொல்ல மாட்டேன், வரலேன்னும் சொல்ல மாட்டேன்’ என்றார். அந்த வாசகத்தை அவர் எங்கே படித்தாரோ தெரியாது, ஆனால் பெரிய பெரிய உளவு நிறுவனங்கள் இதையே சொல்லிப் பிழைக்கின்றன. ஐந்தாம் தெருத் தலைவர் வீட்டில் இல்லை என்று உள்ளேயிருந்து அவரே சொன்னார். என் நாலாம் தெருத் தலைவர் இருக்கிறாரே, ‘தப்பு செய்யாதவங்களுக்கு என்ன மாப்ள பயம்?’ என்று கேட்டார்.

என்ன அநியாயம் பாருங்கள். செய்தி பதினெட்டு அடி உயரத்தில் முச்சந்தியில் நின்றது. செய்தி எங்கிருந்து வந்தது என்பது மட்டும் ரகசியம்.

நாலாம் தெருத் தலைவர் வாசலில் வைத்து அந்தப் பிள்ளை சொன்ன பதிலை நான் இந்த மேடையில் அப்படியே சொல்ல வேண்டும். சத்தம் போடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது. ‘நான் எதையும் மறைக்கல மாமா. ஆனா நான் எப்ப பால் வாங்குறேன்னு ஊருக்கு எதுக்குத் தெரியணும்?’

பெரியோர்களே, தாய்மார்களே, இதைவிட எளிதாக இதைச் சொல்ல முடியுமா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பே எழுதிவிட்டது. பக்கம் பக்கமாக எழுதியது. இந்தப் பிள்ளை ஒரு பால் பாக்கெட்டில் சொல்லிவிட்டது. மறைப்பது வேறு, நமக்கென்று வைத்துக்கொள்வது வேறு. நம் வீட்டு அடுப்படியில் திருட்டா நடக்கிறது? பிறகு ஏன் விருந்தாளி வந்தால் நடுவீட்டில் உட்காரவைக்கிறோம்? கதவு எதற்கு? திரைச்சீலை எதற்கு? குளியலறைக்குத் தாழ்ப்பாள் எதற்கு? உள்ளே குளிப்பது குற்றமா?

கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சங்கிலி பறிப்பவன் வருவான், வண்டி தூக்குபவன் வருவான், தெருவைப் பாருங்கள். ஆனால் நீங்கள் எங்களைப் பார்த்தால், நீங்கள் பார்ப்பதை நாங்களும் பார்க்க வேண்டும். அரசாங்கத்திடம் போய்க் கணக்குக் கேட்கிறோம், தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுகிறோம். ரோட்டுக்கு எத்தனை சட்டித் தார் போட்டாய் என்று கேட்கத் தெரிந்த நமக்கு, என் மகளின் முகம் எத்தனை செல்போனில் கிடக்கிறது என்று கேட்கத் தெரியாதா? ஐந்து தெருவிடம் கேட்க வாய் வராதவன் நாளைக்கு ஆட்சியிடம் எதைக் கேட்பான்?

தம்பி அருள்பாண்டி தலையை ஆட்டுகிறார். ரகசியம் காத்தால்தான் கூட்டணி நிலைக்கும் என்கிறார். சரி. நாலாம் தெருத் தலைவரும், தப்பு செய்யாதவருக்குப் பயமில்லை என்று சொல்லியிருக்கிறார். இரண்டையும் இப்போதே பரீட்சித்துப் பார்ப்போம். இதோ என் சட்டைப்பையிலிருந்து எடுக்கிறேன், பென்டிரைவ். ஐந்து தெருவும் ஒன்றையொன்று பார்த்தபோது, ஐந்து தலைவர்களையும் சேர்த்துத்தானே பார்த்தது? மைக்செட் தம்பி, இதை வாங்கி அந்தப் பெரிய திரையில் போடு. முதலில் முதல் தெருத் தலைவர். அடுத்து வரிசைப்படி. தலைவர்களின் ஒரு வார நடமாட்டத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்போம். தலைவர் அவர்களே, அனுமதி உண்டா? நைனா முகமது அண்ணன் சிரிக்கிறார். அனுமதி என்று எடுத்துக்கொள்கிறேன்.

என்ன, ஐந்து பேரும் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். இரண்டாம் தெரு அண்ணே, சர்க்கரை வியாதிக்கு வாக்கிங் போகிறீர்கள், அந்த வாக்கிங் பஜ்ஜிக் கடையோடு முடிகிறதா என்று நான் கேட்டேனா? நான் கேட்கவில்லை. ஏன் உங்கள் வீட்டம்மா உங்களைத் திரும்பிப் பார்க்கிறார்? மூன்றாம் தெரு அண்ணே, மேடையை விட்டு இறங்க வேண்டாம், படி ஆடுகிறது. தம்பி அருள்பாண்டி என் கையைப் பிடித்துக் காதில் சொல்கிறார். மைக்கில் சொல்லட்டுமா தம்பி? ‘வேணாம்ண்ணே, வீட்டுல தெரிஞ்சா எங்கூடப் பேச்சு நின்னுரும்ண்ணே’ என்கிறார். என்ன தெரிந்தால்? எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியவும் வேண்டாம்.

உட்காருங்கள், எல்லோரும் உட்காருங்கள். மைக்செட் தம்பி, அதைப் போடாதே. இந்தப் பென்டிரைவில் இருப்பது கெட்டிமேளமும் நாதஸ்வரமும். நான் விழாக்களுக்குக் கொண்டுபோவது. உங்களில் ஒருவர் படமும் இதில் இல்லை. உங்களைப் பற்றி எந்தக் கேமராவிலும் நான் எதையும் பார்த்ததில்லை.

ஆனால் தலைவர்களே, இந்த ஒரு நிமிஷத்தில் ஏன் இறங்கி ஓடப் பார்த்தீர்கள்? நீங்கள் கொலை செய்தீர்களா? கொள்ளையடித்தீர்களா? இல்லை. பஜ்ஜி சாப்பிட்டீர்கள். அதற்கே எழுந்து நின்றீர்கள். ஒரு நிமிஷத்துக்கே உங்களுக்கு இப்படி என்றால், அந்தப் பிள்ளை? அது வேலைக்குப் போகிறது, மேலே ஒரு கண். அது வீட்டுக்குத் திரும்புகிறது, மேலே ஒரு கண். சுடிதாரா, சேலையா, யாருடன் பேசியது, எத்தனை நேரம் பேசியது, யாரோ பார்க்கிறார், யாரிடமோ சொல்கிறார், யார் என்று கேட்டால் ஐந்து பேரும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். நீங்கள் நிமிஷக்கணக்கில் பட்டதை அது நாள்கணக்கில் பட்டது. எனக்குக் கோபம் வருகிறது. காதுகுத்துக்குப் பேசுகிறவனுக்குக் கோபம் வரக் கூடாதா? வருகிறது.

இருட்டிலே நின்று பார்க்கிறவனுக்குப் பெயர் காவலா? காவல்காரன் கையில் விளக்கு இருக்கும், அவன் முகமும் தெரியும். முகம் காட்டாமல் முகம் பார்ப்பவனை இந்த ஊரில் எப்போதாவது காவல்காரன் என்று சொல்லியிருக்கிறோமா? பாருங்கள், வெளிச்சத்தில் நின்று பாருங்கள். பகிருங்கள், யாரைப் பற்றியோ அவரிடம் சொல்லிவிட்டுப் பகிருங்கள். அழியுங்கள், அழித்துவிட்டோம் என்று கூப்பிட்டுச் சொல்லுங்கள். இதைக் கேட்பது பேராசையா? ஐந்து தெருவில் பிறந்த, வாழ வந்த, வாடகைக்கு வந்த ஒவ்வொரு ஜீவனும் கேட்க வேண்டிய உரிமை இல்லையா?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிட்டேன் அண்ணே. தீர்மானத்தை வாக்குக்கு விடும்படி வேண்டுகிறேன். வீட்டுக்கு ஒரு கை. ஆதரிப்பவர்கள் உயர்த்துங்கள்.

தாய்மார்கள் பக்கம் முழுக்க உயர்ந்துவிட்டது. சுல்தான் பீவி அக்கா எழுந்தே நிற்கிறார். ஜெயக்கொடி அக்கா, ரெண்டு கையும் தூக்கக் கூடாது, தாசில்தாருக்கு ஓட்டு இல்லை. பேயாண்டி அண்ணன் கை உயர்ந்திருக்கிறது, மாடி காலியாகாது என்று அதற்கு அர்த்தம். இரண்டாம் தெரு உயர்த்திவிட்டது, மூன்றும் ஐந்தும் கூடவே உயர்த்திவிட்டன. நாலாம் தெரு, வாங்க மாமா, உயர்த்துங்க. தம்பி அருள்பாண்டி கை பாதியில் நிற்கிறது. வீட்டம்மாவைப் பார்க்கிறார். முழுசாக உயர்த்திவிட்டார். நன்றி தம்பி, பெரிய மனசு. தீர்மானம் நிறைவேறியதாகத் தலைவர் அறிவிக்கிறார்.

மூன்றாம் வரிசையில் ஒரு கை இன்னும் இறங்கவில்லை. அண்ணன் அழகுபாண்டி, நீங்கள் திருவாதவூர். உங்களுக்கு இங்கே ஓட்டு இல்லையே? என்னமோ சொல்கிறார், எனக்குக் கேட்கவில்லை. மைக்கை அவர் பக்கம் நீட்டுங்கள். மகளிடம்தான் சொல்கிறார், என்னிடம் இல்லை.

‘தாயி, நீ இங்கனயே இரு. உன் போன்ல லொகேசனைப் போட்டுவிடச் சொன்னேன்ல, அதையும் அமத்திரு. நேரம் கெடைக்கும்போது நீயாக் கூப்பிட்டுப் பேசு, அது போதும் எனக்கு.’

அழுவதில்லை என்ற முடிவோடு வந்த பிள்ளை அழுகிறது. யாரும் செல்போனைத் தூக்காதீர்கள். தம்பி, உங்களைத்தான், கீழே வையுங்கள். இது அவர்களுடையது.

இவ்வளவு நேரம் பசியைப் பொறுத்துக்கொண்டு என் பேச்சையும் பொறுத்துக்கொண்ட தலைவர் நைனா முகமது அண்ணனுக்கும், கோபித்துக்கொள்ளாமல் கை உயர்த்திய ஐந்து தெருத் தலைவர்களுக்கும், இந்தக் கேள்வியை முதன்முதலில் எழுந்து நின்று கேட்ட சுல்தான் பீவி அக்காவுக்கும், மகள்மீது கொண்ட நம்பிக்கையைச் சபையறியச் சொன்ன திருவாதவூர் அண்ணனுக்கும், மைக்செட் தம்பிக்கும், சமையல்காரருக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. உங்கள் வாசல்கள் வெளிச்சமாக இருக்கட்டும், உங்கள் வீடுகள் உங்களுடையதாக இருக்கட்டும். வாழ்த்தி, வணங்கி, மேடையை விட்டு இறங்குகிறேன். பந்தி தயார், தாய்மார்கள் முதலில் வாருங்கள்.